போலிஸ் ஏன் இப்படிச் செய்கிறது, ஏன் அப்படிச் செய்யவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்பிக்கடை மேசை, கோயில் வாசல், விடுதிக் கூட்டம், குடும்ப வாட்ஸ்அப் குழு என எங்கே போனாலும் சிங்கப்பூர்க் காவல்துறையைப் பற்றி ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். மோசடியில் பணம் பறிபோன அவசரத்தில் வந்தவர்கள் நேராக 6ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. சிங்கப்பூர் ரொம்பப் பாதுகாப்பான ஊருன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் போலிஸுக்கு என்ன பெரிய தலைவலி?

பாதுகாப்பான ஊர்தான். ஆனால் அது தெருவைப் பற்றிய பேச்சு. நள்ளிரவில் ஈசூனில் தனியாக நடந்து வீடு போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்து படுத்தபடியே கைப்பேசியில் வாழ்நாள் சேமிப்பைத் தொலைக்கவும் செய்யலாம். 2024இல் திருட்டு, அடிதடி, மானபங்கம் போன்ற நேரடிக் குற்றங்கள் ஏறத்தாழ 20,000. அதே ஆண்டில் மோசடிப் புகார்கள் மட்டும் 51,501. பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி. முந்தைய ஆண்டு அது 651.8 மில்லியன். 2025இன் முதல் பாதியில் 19,665 புகார், 456.4 மில்லியன் வெள்ளி என்று சற்று இறங்கியது. இறங்கிய பிறகும் ஆறு மாதத்தில் இவ்வளவு என்பதைக் கவனியுங்கள்.

ரோந்து போவது, சாட்சியை விசாரிப்பது, தடயம் எடுப்பது, ஆளைப் பிடிப்பது என்ற வரிசையில் கட்டப்பட்ட அமைப்பு காவல்துறை. மோசடியில் ரோந்து போகத் தெரு இல்லை, பார்த்த சாட்சி இல்லை, குற்றவாளி பெரும்பாலும் நாட்டிலேயே இல்லை. 2024 புகார்களில் ஐந்தில் நான்குக்கும் மேல், பாதிக்கப்பட்டவரே தன் கையால் பணத்தை அனுப்பியவை. பூட்டை உடைத்து வரும் திருடனுக்காகப் பழகிய படை இது. வீட்டுக்காரரே கதவைத் திறந்து பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது என்ன செய்வது என்பதுதான் 2025 ஜனவரியில் காவல்துறை ஆணையராகப் பொறுப்பேற்ற ஹவ் குவாங் ஹுவீயின் மேசையில் இருக்கும் முதல் கோப்பு.

2. எங்க புளோக்குக்குக் கீழ போலிஸ் போஸ்ட் இருந்துச்சு. இப்போ உள்ள மெஷின்தான் இருக்கு. ஏன் ஆளை எடுத்துட்டாங்க?

அக்கம்பக்கக் காவல் சாவடி முறை 1983இல் தோ பாயோவில் தொடங்கியது. ஜப்பானின் 'கோபான்' முறையைப் பார்த்து வந்தது. ஆள் எப்போதும் இருப்பார், முகம் தெரியும், மனத்துக்குத் தெம்பு. ஆனால் சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெளியே எங்கும் போக முடியாது. அதனால் 1997 முதல் பல சாவடிகளுக்கு ஒரு பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையம் என்று ஆட்களைத் திரட்டினார்கள். 2012இல் அங்கிருந்தே பேட்டைகளுக்கு நடந்தும் சைக்கிளிலும் வரும் சமூகக் காவல் முறை வந்தது. 2017 முதல் சில சாவடிகள் 24 மணி நேர இயந்திரச் சாவடிகளாயின. புகார் கொடுக்கலாம், கண்டெடுத்த பொருளை ஒப்படைக்கலாம், தேவைப்பட்டால் திரையில் அதிகாரியுடன் பேசலாம்.

முதியோருக்கு இது பெரிய இழப்பு, மறுப்பதற்கில்லை. திரையைத் தட்டத் தெரியாத பாட்டிக்கு இயந்திரம் காவலர் ஆகாது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், வட்டாரத்தின் காவல் நிலையம் எங்கே இருக்கிறது, எந்தப் பேருந்தில் போவது என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

3. ஆள் பத்தலைன்னா சம்பளத்தைக் கூட்டி எடுக்க வேண்டியதுதானே?

சம்பளம் கூட்டலாம். பிள்ளைகள் பிறந்தால்தானே ஆள் வருவார்கள்? சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97. இதன் அடி காவல்துறையில் இரண்டு பக்கமும் விழுகிறது. முழுநேர வேலைக்கு ஆள் குறைகிறது. இரண்டாண்டு தேசிய சேவைக்கு வரும் இளையர் எண்ணிக்கையும் காலப்போக்கில் சுருங்குகிறது. அந்தச் சிறிய கூட்டத்துக்கு ராணுவம், குடிமைத் தற்காப்புப் படை, தனியார் நிறுவனங்கள் எல்லாம் போட்டி.

அதனால் காவலுக்கு நிற்கும் வேலைகளில் ஒரு பகுதி துணைக் காவல் படைகளுக்குப் போனது. அங்கும் உள்ளூர் ஆள் போதாமல் 2017இல் தைவானியர்களை எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு சீனா, இந்தியா, மியன்மார், பிலிப்பீன்ஸ், இலங்கை என்று வட்டம் விரிந்தது. விசாரணை வேலையை அப்படிக் கைமாற்ற முடியாது. வங்கிப் பதிவு, கிரிப்டோ (மின்னிலக்க நாணயம்) பணப்பை, தொலைபேசித் தரவு மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த விசாரணை அதிகாரி ஒரே பயிற்சி வகுப்பில் உருவாவதில்லை. தெரிந்தபின் அவரை வங்கிகளே கூப்பிடும், கூடுதல் சம்பளத்தில். காவல்துறைத் தலைமையைப் பொறுத்தவரை, ஆள் எடுப்பதைவிட ஆளைத் தக்கவைப்பதுதான் கடினம்.

4. 2013 லிட்டில் இந்தியா கலவரத்துக்கு அப்புறம் உண்மையிலேயே ஏதாவது மாறுச்சா, இல்ல தண்ணி அடிக்கத் தடை மட்டும்தானா?

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேருமிடத்தில் இந்திய ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்தும் மீட்புப் பணியைப் பற்றிய தவறான எண்ணமும் மதுபோதையும் சேர்ந்ததே காரணம் என்றது. முன்வரிசையில் போதிய ஆள் இல்லாததும் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. அப்போதைய ஆணையர் இங் ஜூ ஹீ, தனக்கு இன்னும் 1,000 அதிகாரிகள் வேண்டும் என்று குழுவிடம் நேரடியாகவே சொன்னார். 3ஆம் பதிலில் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று புரியும்.

மதுச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. தீவு முழுதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிக்குத் தனி விதி: சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகள் தேக்காவில் (லிட்டில் இந்தியா) மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது விதியில்தான். ஞாயிறு மதியம் திடலில் உட்கார்ந்து ஒரு பீர் டின் திறந்தாலும் குற்றமே.

5. எங்க பார்த்தாலும் கேமரா. என்னை எந்நேரமும் யாராவது பார்த்துக்கிட்டே இருக்காங்களா?

இல்லை, பார்க்க ஆள் எங்கே? 2012 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் பொருத்தத் தொடங்கிய போலிஸ் கேமராக்கள் 2021 வாக்கில் 90,000ஐத் தொட்டன. அதை 2 லட்சத்துக்கும் மேல் கொண்டுபோவது திட்டம். பெரும்பாலும் புகார் வந்த பிறகு பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் அவை. வாசலில் சாயம் ஊற்றிப் பூட்டுப் போட்டுவிட்டுப் போகும் வட்டிமுதலை ஆட்களைப் பிடிக்க நன்றாக உதவின. படுக்கையில் கைப்பேசியோடு இருப்பவரை எந்த மின்தூக்கிக் கேமராவும் காப்பாற்றாது. இன்னொன்று: காட்சிகள் என்றென்றும் சேமிப்பில் இருப்பதில்லை. சைக்கிள் திருடு போனதைப் பல வாரம் கழித்துச் சொன்னால் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

கேமராவைவிடத் தலைமைக்குக் கடினமான பாடம் 2021 ஜனவரியில் வந்தது. கொவிட் தொற்றுத் தடமறிய மட்டும் என்று மக்கள் நம்பிய 'டிரேஸ்டுகெதர்' செயலியின் தரவைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் போலிஸ் கேட்டுப் பெறலாம் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதமே தனிச் சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். சட்டப்படி செல்லும் என்பது வேறு, சொன்ன வார்த்தை என்பது வேறு. கருவி வாங்குவதற்கு முன்பே வரம்பைச் சொல்லிவிடுவது நல்லது.

6. பணம் போயிடுச்சு! முதல்ல 999ஆ, பேங்கா, 1799ஆ?

பேங்க். இதில் தயங்கவே வேண்டாம். வங்கியின் 24 மணி நேர மோசடிப் புகார் எண்ணை அழைத்து, கணக்கை முழுதாக முடக்கச் சொல்லுங்கள். 'கில் சுவிட்ச்' என்றால் அவர்களுக்குப் புரியும். அந்த எண்ணைக் கூகலில் தேடாதீர்கள், போலி எண்கள் கிடக்கின்றன. அட்டையின் பின்புறம் பாருங்கள். கைப்பேசியில் தெரியாத செயலி எதையாவது இறக்கியிருந்தால் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு வேறொரு கைப்பேசியிலிருந்து அழையுங்கள். அடுத்ததாகப் போலிஸில் புகார்: காவல்துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாகவோ, காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். 1799 என்பது ஸ்கேம்ஷீல்ட் உதவி எண். 'இது மோசடியா, இல்லையா' என்ற சந்தேக நிலையில் கூப்பிட வேண்டியது. நாள் முழுதும் இயங்கும். மோசடிக்காரர் நேரில் வந்து நகையையோ ரொக்கத்தையோ வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றால் மட்டும் 999.

அவசரம் ஏன் என்று ஓர் உதாரணக் கணக்கில் பாருங்கள். பிற்பகல் 2.10க்கு 20,000 வெள்ளி பேநவ் (கைப்பேசி எண்ணை வைத்தே உடனே பணம் அனுப்பும் வசதி) மூலம் ஒரு கணக்குக்குப் போகிறது. 2.14க்கு அது மூன்றாகப் பிரிந்து வேறு வங்கிகளுக்குப் போகிறது. 2.30க்கு ஒரு பங்கு ஏடிஎம்மில் ரொக்கமாகிறது, இன்னொன்று கிரிப்டோவாகிறது. 2.20க்கு நீங்கள் அழைத்தால் மூன்று கணக்கில் ஏதாவது மிஞ்சும். 'வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுவிட்டுச் சொல்லலாம்' என்று 7 மணி வரை காத்தால் துடைத்துவைத்த தட்டுதான். இதற்காகத்தான் 2019இல் மோசடித் தடுப்பு நிலையம் அமைத்து, 2022 மார்ச்சில் அதை மோசடித் தடுப்புத் தளபத்தியமாக வளர்த்தார்கள். வங்கி ஊழியர்கள் அங்கேயே போலிஸோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். முன்பு கடிதம் எழுதிப் பல நாள் காத்திருந்து முடக்கிய கணக்கை இப்போது அறைக்குள் திரும்பிச் சொல்லி முடக்கலாம்.

புகாரில் சேர்க்க வேண்டியவை: ஒவ்வொரு பரிமாற்றத்தின் குறிப்பு எண், தேதி, நிமிடம், பணம் போன கணக்கு எண் அல்லது பேநவ் எண், கிரிப்டோ என்றால் பணப்பை முகவரியும் பரிவர்த்தனை எண்ணும் (படமாக மட்டும் போதாது, எழுத்தாக நகலெடுத்துத் தரவும்), அழைத்த எண்கள், உரையாடல் முழுதும். வெட்கத்தில் உரையாடலை அழித்துவிடுவது பலர் செய்யும் தவறு. காதல் மோசடியில் இது அதிகம். அதிகாரிகள் இதைவிட எவ்வளவோ படித்திருப்பார்கள், அழிக்காதீர்கள்.

7. ரிப்போர்ட் குடுத்து மூணு மாசம் ஆச்சு. ஐஓ (விசாரணை அதிகாரி) ஒண்ணுமே சொல்லல. கேஸை மூடிட்டாங்களா?

பெரும்பாலும் மூடியிருக்க மாட்டார்கள். 2024இல் மட்டும் 50,000க்கும் மேல் புகார் என்றால் ஒவ்வோர் அதிகாரியின் தலையிலும் எவ்வளவு விழும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் பணம் போன முதல் கணக்குக்காரர் உள்ளூர்க்காரராக இருப்பார், அவரைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். அவருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு, அதற்கும் பின்னால் இருக்கும் வெளிநாட்டுப் பணப்பை என்று ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் பதிவுகள் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அந்நாட்டின் வழியாகத்தான் கேட்க முடியும், அதற்கு மாதங்கள் ஆகும்.

ஒன்றும் சொல்லாமலே இருப்பது சரி என்று நாங்கள் சொல்லவில்லை. 'இந்த வாரம் புதிதாக எதுவும் இல்லை' என்ற ஒரு வரி போதும், அதுகூட வராமல்தான் மக்கள் நம்பிக்கை இழக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது: புகார் எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். புதுத் தகவல் இருந்தால் அதையும் அதே எண்ணில் சேருங்கள். புதிய புகார் கொடுக்காதீர்கள்; ஒரே வழக்கு இரண்டு கோப்பாகி இரண்டு மேசைக்குப் போனால் இன்னும் தாமதம்தான். 'காசை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் அது இரண்டாவது மோசடி.

8. கூட்டாளி கேட்டான்னு ஏடிஎம் கார்டைக் குடுத்தேன். 300 வெள்ளி தந்தான். நான் யாரையும் ஏமாத்தலையே?

நீங்கள் ஏமாற்றவில்லை, 6ஆம் பதிலில் பார்த்த 2.14 மணிக் கணக்கு உங்களுடையதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். முன்பெல்லாம் 'எனக்குத் தெரியாது' என்பது நல்ல தற்காப்பு. தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்க முடியாமல் பலரை விட வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி முதல் சட்டம் மாறிவிட்டது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் அலட்சியமாக இருந்ததே குற்றம். அலட்சியத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 150,000 வெள்ளி வரை அபராதம். துணிந்து கண்ணை மூடிக்கொண்டதற்கு 5 ஆண்டு, 250,000 வெள்ளி வரை. சிங்பாஸ் விவரத்தை விற்பது தனிக் குற்றம். 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் இன்னும் கடுமையானது: மோசடிக்காரர்களுக்கும் அவர்களுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கும் குறைந்தது 6 பிரம்படி கட்டாயம், கணக்கு, சிம், சிங்பாஸ் கொடுத்து உதவுவோருக்கு நீதிமன்றம் விரும்பினால் 12 வரை.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பும் முன் கணக்கை மூடாமல் கார்டையும் ரகசிய எண்ணையும் அறைத்தோழரிடம் விட்டுப் போகாதீர்கள். விமான நிலையம் போகிற வழியில் 200 வெள்ளிக்கு வாங்கிக்கொள்ள ஆள் நிற்பார். இப்போதே கொடுத்துவிட்டவர்கள் செய்ய வேண்டியது: இன்றே வங்கியில் கணக்கை முடக்குங்கள், இன்றே புகார் கொடுங்கள். போலிஸ் தேடி வருமுன் நீங்களே போவதற்கும் தேடி வந்தபின் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

9. பேங்கும் ஃபேஸ்புக்கும் காசு பார்க்குறாங்க. எல்லாத்தையும் போலிஸ் தலையில கட்டலாமா?

கட்டக்கூடாது என்பதுதான் இப்போதைய போக்கு. 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பின்படி, போலி இணையத்தளத்தில் விவரம் திருடப்பட்டுப் பணம் போனால், வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் இழப்பை அது ஏற்க வேண்டும். நீங்களே தெரிந்து அனுப்பிய முதலீட்டு மோசடி, காதல் மோசடி இதில் வராது. 1ஆம் பதிலில் சொன்ன ஐந்தில் நான்கு பங்கை வைத்துப் பார்த்தால் இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சமூக ஊடகங்களுக்கு 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த இணையக் குற்றத் தீங்குகள் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2025 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு, ஃபேஸ்புக்கில் ஆள்மாறாட்ட மோசடிகளைத் தடுக்க உத்தரவு போனது. பின்பற்றாவிட்டால் 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது சில்லறைதான் என்று நீங்கள் நினைத்தால் நாங்கள் மறுக்கப் போவதில்லை.

10. வாட்ஸ்அப் வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்டு வர்றாரு, கேஸ் நம்பர் சொல்றாரு. உண்மை போலிஸ் எது, போலி எதுன்னு எப்படித் தெரியும்?

போலிஸ் உங்களைத் தொலைபேசியில் அழைக்கக்கூடும். ஆனால் எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார், வங்கி விவரம் கேட்கமாட்டார், அழைப்பைப் 'போலிஸுக்கு மாற்றுகிறேன்' என்று இணைக்கமாட்டார், அதிகாரபூர்வக் கடைக்கு வெளியே உள்ள செயலியை இறக்கச் சொல்லமாட்டார். இந்த நான்கில் ஒன்று வந்தாலும் துண்டியுங்கள். மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று தயங்கவேண்டாம். உண்மையான அதிகாரி கோபித்துக்கொள்ளமாட்டார். துண்டித்துவிட்டு 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்கக் குறுஞ்செய்திகள் 'கவ்.எஸ்ஜி' என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. சீருடையின் மேல் இருக்கும் மரியாதையே இங்கே மோசடிக்காரனின் முதலீடு. அதிகாரிக்குப் பயப்படும் பழக்கம் ஊரிலிருந்தே கூட வந்தவர்கள் அதிகம் சிக்குகிறார்கள்.

11. நான் தமிழ்ல சொன்னேன், அவர் இங்கிலீஷ்ல டைப் பண்ணிக் கையெழுத்துப் போடச் சொல்றாரு. போடலாமா?

புரிந்தால் மட்டும். விசாரணையில் எடுக்கும் வாக்குமூலம் எழுதப்பட்டு, உங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு, ஆங்கிலம் தெரியாவிட்டால் உங்களுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட்டு, அதன்பின் கையெழுத்து என்பதே குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்லும் வரிசை. 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பாதியில் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து. தவறு இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பேச்சுத் தமிழில் 'கை வெச்சேன்' என்று சொன்னது ஆங்கிலத்தில் அடித்ததாகவும் ஆகலாம், தொட்டதாகவும் ஆகலாம்.

அதிகாரியின் நடத்தை பற்றிய புகாரைக் காவல்துறையிடமே கொடுக்கலாம். கடுமையானவை உள்விவகார அலுவலகத்துக்குப் போகும். லஞ்சம் என்றால் பிரதமர் அலுவலகத்தின்கீழ் உள்ள லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. ரோந்து அதிகாரிகள் 2015 முதல் உடலில் கேமரா அணிகிறார்கள். அதனால் சம்பவ நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுங்கள்.

12. தம்பிக்கு மனநலப் பிரச்சினை. கத்தியை எடுத்துட்டான். போலிஸைக் கூப்பிட்டா குற்றவாளி மாதிரி நடத்துவாங்களோன்னு பயம்.

பயம் நியாயமானது. ஆனாலும் ஆயுதம் கையில் இருந்தால் 999தான். பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி. மனநல நெருக்கடிக்கு முதலில் போய் நிற்பது உலகெங்கும் போலிஸாகவே இருக்கிறது. மருத்துவர் அரைமணி நேரத்தில் செய்யும் கணிப்பை இருபத்தைந்து வயது அதிகாரி வாசலில் நின்று சில நொடிகளில் செய்ய வேண்டியிருக்கிறது. 2024இல் மனநலச் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு ஆபத்து உடனடியாக நிகழும் நிலை வேண்டும். இப்போது நிகழ நியாயமான வாய்ப்பு இருந்தாலே ஆளை மருத்துவக் கணிப்புக்குக் கொண்டுபோகலாம். குடும்பங்கள் கத்தி வெளியே வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே நோக்கம்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: முகவரி, மாடி, எந்த மின்தூக்கி, அவர் கையில் என்ன இருக்கிறது, எந்த அறையில் இருக்கிறார், என்ன நோய், மருந்தை எத்தனை நாளாக விட்டுவிட்டார், எந்த மொழியில் பேசினால் அடங்குவார், வீட்டில் குழந்தைகள் உண்டா. 'என் தம்பி, நோயாளி, மனநலக் கழகத்தில் பார்க்கிறோம்' என்ற வரி முதலில் வரட்டும். அதிகாரிகள் வந்ததும் அவர்களுக்கும் தம்பிக்கும் நடுவில் நீங்கள் போய் நிற்காதீர்கள். ஆயுதம் இல்லை, மனம்தான் கலங்கியிருக்கிறது என்றால் 1771 தேசிய மனநல உதவி எண்ணையோ, மனநலக் கழகத்தின் 6389 2222ஐயோ அழையுங்கள்.

13. அம்மா ஆன்லைன்ல ஒருத்தரை நம்பிப் பணம் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. சொன்னாக் கேக்கமாட்டேங்குறாங்க. அக்கவுண்டை போலிஸ் பூட்ட முடியுமா?

2025 ஜூலை 1 முதல் முடியும். மோசடியிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போலிஸ் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கலாம். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி, மேபேங்க், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டிபேங்க், எச்எஸ்பிசி ஆகிய ஏழு முக்கிய வங்கிகளுக்கு ஆணை போகும். பரிமாற்றம், ஏடிஎம், கடன் வசதி எல்லாம் நிற்கும். முதலில் 30 நாள்; பிறகு ஒவ்வொன்றும் 30 நாளாக ஐந்து முறை வரை நீட்டலாம். அன்றாடச் செலவுக்கும் கட்டணங்களுக்கும் போலிஸிடம் விண்ணப்பித்து எடுக்கலாம்.

ஆனால் இது கடைசி வழி. முதலில் அதிகாரிகள் அம்மாவிடம் பேசிப் பார்ப்பார்கள். நீங்கள் புகார் கொடுக்கும்போது கையில் இருக்க வேண்டியது உரையாடல் படங்கள், அனுப்பிய தொகைகளின் பட்டியல், அடுத்து எப்போது எவ்வளவு அனுப்பப் போகிறார் என்ற விவரம். 'அம்மா ஏமாறுகிறார்' என்ற வருத்தம் மட்டும் போதாது. ஆணை வரை போகுமுன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நல்ல நேரத்தில் பேசி, பெருந்தொகையை வங்கியின் 'மணி லாக்' வசதியில் பூட்டிவையுங்கள். அதை இணையத்தில் திறக்க முடியாது.

14. அது அவங்க சம்பாதிச்ச காசு. வயசானவங்க காசைத் தொட போலிஸ் யாரு?

இந்தச் சட்டத்தில் எங்களுக்கே உறுத்தும் இடம் இது. குற்றம் செய்தவரைக் கட்டுப்படுத்துவதுதான் போலிஸ் வேலை. இங்கே கட்டுப்படுவது பாதிக்கப்படப் போகிறவர், அதுவும் நீதிமன்றம் போகாமல், ஒரு அதிகாரியின் முடிவால். ஆணையை எதிர்த்து ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் சொல்வதே முடிவு. எதிர்ப்பக்க நியாயம் 6ஆம் பதிலின் கடிகாரத்தில் இருக்கிறது: நீதிமன்றத் தேதி வாங்கி வருவதற்குள் பணம் மூன்று நாடு தாண்டியிருக்கும். இணையத்திலோ தொலைபேசியிலோ நடக்கும் மோசடிக்கு மட்டும்தான் இது பொருந்தும். 'அம்மா தம்பிக்கே எல்லாம் கொடுக்கிறார்' என்ற குடும்பச் சண்டைக்குப் போலிஸைக் கூப்பிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பவும் வேண்டும்.

15. தலைவன் கம்போடியாவுல உக்காந்திருக்கான். இங்க இருக்கிற போலிஸால அவனை என்ன செய்ய முடியும்?

ஆளைப் பிடிக்க அந்நாட்டுப் போலிஸ் வேண்டும்; நம் அதிகாரிக்கு அங்கே கைது செய்யும் உரிமை கிடையாது. பணம் இங்கே இருந்தால் கதை வேறு. 2025 அக்டோபர் 30ஆம் தேதி, கம்போடியாவைத் தளமாகக் கொண்டு மோசடி நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பிரின்ஸ் குழுமம் தொடர்பாக 150 மில்லியன் வெள்ளிக்கும் மேலான சொத்துகளை இங்கே போலிஸ் முடக்கியது. கள்ளப் பணத்தை வெள்ளையாக்கிய 2023 ஆகஸ்ட் வழக்கில் பத்து வெளிநாட்டினர் பிடிபட்டு, சிக்கிய சொத்து 3 பில்லியன் வெள்ளியைத் தொட்டது. பணம் வந்து தங்குவதற்கு வசதியான நகரம் என்ற பெயர் நமக்கு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

முடக்கிய பணம் உடனே பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. ஒரே கணக்கில் பத்துப் பேருடைய பணம் கலந்திருக்கும். எது யாருடையது என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை புகார் எண், வங்கி அறிக்கை, பரிமாற்றக் குறிப்பு எண்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரே உறையில் வைத்திருங்கள். வீடு மாறினாலும் கைப்பேசி எண் மாறினாலும் விசாரணை அதிகாரிக்கு எழுதிவிடுங்கள்.